மீன் காட்டாமல் வளர்த்த மகனுக்கு

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து முற்றத்தில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனதற்கு நான் தலையை ஆட்டினேன். அது சம்மதம் இல்லை. வாயில் சொல் வராதபடியால் ஆட்டிய தலை. இப்போது சொல் வந்திருக்கிறது, எழுதுகிறேன். கடவுள் கிருபையால் நான் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

கதிரை எடுத்துப் போட்டேன், நீ இருக்கவில்லை. "வாற புதன் இல்லை, அதுக்கடுத்த புதன்கிழமை சின்னவளுக்கு முதல் சோறு தீத்துறம் அம்மா. வத்சலா வீட்டிலைதான். மாமா கூப்பிட்டிருக்கிறார்" என்றாய். நீயும் வத்சலாவும் விரும்பிக் கலியாணம் முடித்த நாளில் உங்கள் இரண்டு பேரையும் தலைமுழுகிய மனிதர் அவர். மூத்தவன் பிறந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த இரண்டாவது பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் படலையைத் திறந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "நானும் கணேசும் முதல் பஸ்ஸிலை வந்திடுவம்" என்றேன். நீ லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தாய். "நீங்கள் வாங்கோ அம்மா. தம்பி வேண்டாம். அவையின்ரை ஆக்கள் கனபேர் வருவினம். அவன் வாய் சும்மா இராது. அவன்ரை கையைப் பார்த்தாலே..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினாய். உன் தம்பியின் கையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வலைக்கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது. கடலுக்குப் போகிறவன் என்பது அந்தக் கையில் எழுதி இருக்கிறது. பிறகு நீ வேலியோரம் காயப் போட்டிருந்த கருவாட்டைத் தாண்டிப் போனாய். தாண்டும்போது மூச்சைப் பிடித்தாய். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி மூச்சைப் பிடிக்க உன்னைப் பழக்கியவள் நான்.

நீ பிறந்தது சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருஷம். அப்போது உன் அப்பா மீன்பிடியோடு சரக்கு வள்ளத்திலும் போய்வந்துகொண்டிருந்தார். ஏதோ ஒரு பத்திரத்துக்காகப் பட்டினத்துக் கந்தோர் ஒன்றுக்குப் போனவரை அங்கே இருந்த கிளாக்கர், நம்மைப்போல ஒரு தமிழன்தான், "எங்கை, கரையிலை இருந்தோ? உங்கை நில்லும். கடதாசியை உந்த மேசையிலை வையும்" என்று சொல்லிவிட்டு விரல் நுனியால் தூக்கிப் பார்த்திருக்கிறான். நடந்ததை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். பிறகு, என் வயிற்றில் இருந்த உன்னைக் காட்டி, "உவன் அந்தக் கதிரையிலை இருப்பான்" என்றார். தமிழனுக்குக் கந்தோர்க் கதவுகள் மூடத் தொடங்கிய காலத்தில் அவர் உன்னைக் கந்தோருக்கு நேர்ந்துவிட்டார். அதற்கு வழி கேட்கப் போனது பள்ளிக்கூட வாத்தியாரிடம். வாத்தியார் நமக்கு மேல் என்று எண்ணுகிற தோட்டக்காரரின் ஊரில் இருந்து சைக்கிளில் வந்துபோகிறவர். "பெடியனைப் படிப்பிக்கிற எண்ணமெண்டால் மச்சத்தைக் காட்டாதையும். மீன் திண்டால் மூளை மந்தம், ஆளும் மணப்பான்" என்று சொல்லி அனுப்பினார். கடலில் திசை பிடிக்கத் தெரிந்த மனிதர் இந்தக் கதையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்தார். நானும் எடுத்துக்கொண்டேன்.

உனக்கு ஆறாம் மாதம் சோறு தீத்தத் தொடங்கியபோது நம் குசினியில் இரண்டாவது அடுப்பு வந்தது. புதுச் சட்டி, புது அகப்பை, உனக்கென்று ஒரு வெள்ளிக் கிண்ணம். மீன் தொட்ட கையோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. மீன் வெட்டிய நாளில் நான் குளித்து, சீலை மாற்றி, பிறகுதான் உன்னைத் தூக்கினேன். சவ்வரிசிக் கஞ்சி, பார்லித் தண்ணீர், பருப்பு மசித்த சோறு, பேணியில் வரும் பால்மா. கோயில் மணி அடிக்கும்போது ஒருதரம், பள்ளிக்கூடம் விடும்போது ஒருதரம். உனக்குப் பசித்ததா என்று நான் பார்த்ததில்லை. காலை நீட்டி அதில் உன்னைக் கிடத்தி, கைகளைச் சீலைத் தலைப்பால் சுற்றி, நீ வாயை மூடினால் மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்காக வாயைத் திறப்பாய், ஊற்றுவேன். சத்தி எடுப்பாய். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவேன். கிண்ணம் வெறுமையானால் நான் நல்ல தாய், மிஞ்சினால் கெட்ட தாய். எனக்கு அப்போது இருபது வயது. எனக்குப் பயம். கண்ணில் காணாத ஒரு கிளாக்கருக்குப் பயந்து என் பிள்ளையின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வளவுப் பூமணி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிப்பாள். "என்னடி, கரையிலை பிறந்த பெடியனுக்கு மீனைக் காட்டாமல் வளர்க்கிறாய்? நாளைக்குக் கடலைக் கண்டால் ஆரெண்டு கேக்கப்போறான்!" என்பாள். "அவன் கடலுக்குப் போறதுக்குப் பிறக்கேல்லை" என்று நான் வெட்டிச் சொல்வேன். "ஓம் ஓம், அவர் வானத்திலை இருந்து விழுந்தவர். பாரடி, கிடாரத்தைப்போலக் கிண்ணத்தை வைச்சு ஊத்துறாய், பெடி கொக்குமாதிரி நிக்குது" என்பாள். உண்மைதான். வீட்டில் கூடைகூடையாக மீன் வந்திறங்கியது. அதன் நடுவில் நீ கொக்குக் கால்களோடு நின்றாய். ஒருநாள் அப்பாவின் கோப்பையில் இருந்து பொரியல் துண்டு ஒன்றை எடுத்து நீ வாயில் வைத்துவிட்டாய். உனக்கு இரண்டு வயது இருக்கும். நான் ஓடிவந்து கையில் அடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். உன் பல்முரசில் என் நகம் பட்டு இரத்தம் வந்தது. அப்பா தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்.

கணேசு பிறந்தபோது நான் இந்த ஒன்றையும் செய்யவில்லை. செய்யச் சீவன் இல்லை. வாடைக்காற்று அந்த முறை ஓயாமல் அடித்தது, வள்ளம் போகாத நாட்களில் அப்பா வேறு ஊர்க் கரைகளில் கூலிக்கு நின்றார். நான் கருவாடு போட்டேன், கிழிந்த வலை பொத்தினேன், உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தினேன். அவனுக்கு நாள் பார்க்கவில்லை, கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை, கிண்ணமும் இல்லை. ஒரு மத்தியானம் நான் பாயில் இருந்து தின்றுகொண்டிருக்க, அவன் தவழ்ந்து வந்து என் கோப்பைக்குள் கையை வைத்தான். சொதி விட்ட சோறு, ஒரு விளைமீன் துண்டு. தள்ளிவிட அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். அவன் ஒரு பிடி அள்ளி, பாதியை மூக்கில் பூசி, மிச்சத்தை வாய்க்குள் வைத்து, முகத்தைச் சுளித்துத் துப்பினான். துப்பியதை எடுத்துப் பார்த்தான். மறுபடி வாயில் வைத்தான். நான் என் பாட்டில் தின்றேன். அதுதான் அவனுக்குச் சோறு தீத்தின சடங்கு.

அதற்குப் பிறகு எல்லாம் அப்படியே போனது. நான் தின்பதில் காரம் படாத இடத்தைப் பார்த்து நசித்து அவன் முன்னால் வைப்பேன். பிட்டும் கதலிப்பழமும் ஒரு நாள், குரக்கன் கூழில் அடியில் தங்கிய தடிப்பு ஒரு நாள், சும்மா ஒரு ரொட்டிக் கரையைக் கையில் கொடுத்துவிட்டு வலைக்குப் போன நாளும் உண்டு. முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். பின்னேரம் பசித்து வந்து என் சீலையை இழுப்பான். அவன் எவ்வளவு தின்றான் என்று நான் பார்க்கவில்லை, நானும் பூமணியும் கதைத்துக்கொண்டிருப்போம். ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு தின்னும் என்பதை நான் அவனில்தான் கண்டேன். எல்லாம் நல்லபடி நடந்தது என்று பொய் எழுதமாட்டேன். ஒருமுறை வயிற்றாலை போய்ப் பெரியாசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒருமுறை தொண்டையில் முள் சிக்கியது. நான் அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் அடிக்க, நீ மூலையில் நின்று "தம்பி சாகப்போறான், தம்பி சாகப்போறான்" என்று கத்தினாய். முள் வந்தது. அவன் அழுது முடித்துவிட்டு மறுபடி கோப்பைக்குக் கையை நீட்டினான்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. அடுத்த நாளில் இருந்து நீ பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையைக் கழற்றிவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் இருப்பாய். "நான் முள்ளெடுத்துத் தாறன் அம்மா" என்பாய். உனக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. மீனை உதிர்த்து, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து, மயிர்போன்ற முள்ளையும் கண்டுபிடித்து எடுத்துவிட்டு அவன் வாயில் வைப்பாய். அவன் உன் விரலையும் சேர்த்துக் கடிப்பான். "ஆ! கள்ளா, என்ரை விரல் மீனில்லையடா" என்று நீ கத்துவாய், இரண்டு பேரும் விழுந்துவிழுந்து சிரிப்பீர்கள். நீ ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று உனக்கு நான் பழக்கியிருந்தேன். அவனுக்குத் தீத்திவிட்டு உன்னுடைய பருப்புச் சோற்றைத் தின்னப் போவாய். ஒருநாள் மட்டும் கேட்டாய். "தம்பிக்கு மட்டும் ஏன் அம்மா?" நான் சட்டென்று சொன்னேன்: "நீ பெரிய ஆளாய் வரவேணும். அவன் இப்பிடியே கிடக்கட்டும்."

மகனே, நான் எழுத வந்தது இந்த வரிக்காகத்தான். கணேசை நான் சுதந்திரமாக வளர்த்தேன் என்று இப்போது ஊரில் மெச்சுகிறார்கள். "ரெண்டாவதைக் கவலையில்லாமல் வளர்த்தாய், பார் எப்பிடி இருக்கிறான்" என்கிறார்கள். எனக்குக் கவலை இல்லாமல் போனதற்குக் காரணம் அவனை நான் ஒன்றுக்கும் நேர்ந்துவிடாததுதான். அவன் கடலுக்குப் போகிற பிள்ளை, அவனிலை என்ன மணந்தால் என்ன என்று விட்டேன். உனக்குப் பயத்தைத் தீத்தினேன். அவனை மதிக்காமல் விட்டேன், அந்த அலட்சியத்துக்குள் அவன் வயிறும் மனமும் நிறையத் தின்று தப்பிக்கொண்டான். உனக்காக அவன் படிப்பை விட்டான் என்றும் நான் சொல்லமாட்டேன். அவனுக்குப் படிப்பு வரவில்லை, கடல் வந்தது. அப்பா கண்ணை மூடியபோது அவன் ஏற்கனவே வள்ளத்தில்தான் நின்றான்.

முள்ளெடுக்கிற வேலையையும் நான்தான் நிற்பாட்டினேன். ஒருநாள் நீ பள்ளிக்கூடத்தால் துள்ளிக்கொண்டு வந்தாய். வாத்தியார் ஒவ்வொரு பெடியனாகக் கிட்டக் கூப்பிட்டு மணந்து பார்த்தாராம். "கரையிலை இருந்து வாறதுக்குள்ளை உவன் ஒருத்தன்தான் மணக்காதவன்" என்று சொல்லி உன்னை முன் வாங்கில் இருத்தினாராம். அந்தக் கிழவனின் தலையில் ஒரு வாளி மீன்தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டியவள், உனக்குப் பாயாசம் காய்ச்சினேன். காய்ச்சிக்கொண்டே உன் விரலைப் பிடித்து மணந்து பார்த்தேன். மணந்தது. அடுத்த நாள் தம்பிக்குப் பக்கத்தில் இருக்க வந்தபோது, "போ, கை மணக்கும், பின்வாங்கிலை இருத்திப்போடுவார்" என்று துரத்தினேன். அவன் உன்னைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருந்தான். நீ போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாய். இன்றைக்கும் கழுவிக்கொண்டிருக்கிறாய்.

நாங்களும் நீதிமான்கள் இல்லை. நம் வளவுக்குக் கள்ளிறக்க வந்த மனிதருக்கு நானும் சிரட்டையில்தான் தண்ணீர் வார்த்தேன், அதுவும் கை படாமல் உயரத்தில் இருந்து. நமக்கு மேலே இருந்து மூக்கைப் பொத்துகிறவனைப் பார்த்துக் கொதிக்கிற நாங்கள், கீழே ஒருவனைக் கண்டதும் அதே மூக்கைப் பொத்துகிறோம். இந்த ஊரில் எல்லோருக்கும் மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிறது. இதில் பெரிய பகிடி என்ன தெரியுமா? வாத்தியார் சொன்னதைக் கேட்டு, உயர்ந்த ஆட்கள் மீன் தொடாதவர்கள் என்று நம்பி உன்னை வளர்த்தோமே, போன மாதம் சாவகச்சேரிச் சந்தையில் உன் மாமனாரைக் கண்டேன். பாரை மீனின் செவுளைக் கிளப்பிப் பார்த்து, "நேத்தைய மீனை எனக்குத் தள்ளப் பார்க்கிறியோ?" என்று விற்கிறவளோடு மல்லுக்கு நின்றார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் மீன்தான். வத்சலாவே எனக்குச் சொன்னாள். நாங்கள் பிடித்த மீன் அவர்கள் சட்டிக்குள் மணப்பதில்லை. பிடித்தவனின் கைதான் மணக்கிறது. இது தெரியாமல் உன் வாயில் இருந்து ஒரு துண்டு மீனை இரத்தம் வரத் தோண்டி எடுத்தேனே, அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

உன் மூத்தவனுக்கு நீங்கள் சோறு தீத்துவதை நான் பட்டினத்து வீட்டில் பார்த்தேன். வத்சலா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, நீ அவன் இரண்டு கையையும் பிடித்து, கன்னத்தை அமத்தி, கரண்டியை உள்ளே விட்டாய். அது என் கை. உன் உடம்பில் போய் இருக்கிறது. அன்றைக்கு நான் எழும்பித் தண்ணீர் அள்ளப் போனேன். ஆனால் இந்தச் சின்னவள் விஷயத்தில் வத்சலா மாறிவிட்டாள். போன முறை நான் வந்தபோது குழந்தை அவள் மடியில் இருந்து கோப்பைக்குத் தாவியது. "மாமி, ரெண்டாவதெண்டாப்போலை எனக்குப் பயம் விட்டுப்போச்சு. இவள் கேக்கிறதைக் குடுப்பம்" என்று சிரித்து, பிட்டில் ஒரு துளி பழம் பிசைந்து நாக்கில் வைத்தாள். "மீன் எப்ப குடுக்கலாம் மாமி?" என்றும் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் நீ உள்ளே வந்து, "இன்னும் முறைப்படி சோறு தீத்தேல்லை. கண்டதையும் குடுக்காதை. மீனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றாய். அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அவள் முகம் செத்துப்போனது. அவர்கள் வீட்டுப் பிள்ளையே மீனைக் கேட்கிறாள், கரையில் பிறந்த நீ வேண்டாம் என்கிறாய்.

நீ புத்தி கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிள்ளை உங்கள் கோப்பைக்குக் கை நீட்டினால் தடுக்காதே. வத்சலா கொடுப்பதைக் கொடுக்கட்டும். முகத்தைத் திருப்பினால் விட்டுவிடு, பசித்தால் வரும். முள்ளைப் பார்த்து எடு. நாள் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டுச் சோறு தீத்துங்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை யாருடைய மூக்குக்காகவும் வளர்க்காதே.

இனிக் கணேசின் கதை. அவனுக்கு நீ சொன்னது தெரியாது. "புதன்கிழமை எந்தச் சேட்டு அம்மா போடுறது? அண்ணையின்ரை மாமனார் வீடு, சும்மா போகேலாது" என்று நேற்றும் கேட்டான். பட்டினத்தில் போய்ச் சின்னவளுக்கு லேஸ் வைத்த சட்டை ஒன்று வாங்கிவந்திருக்கிறான், பெரிய பிள்ளைக்குப் போடுகிற அளவில். "அண்ணை சிரிக்கப்போறார்" என்று அவனே சிரிக்கிறான். செவ்வாய் இரவு தொழிலுக்குப் போவதில்லை என்று வள்ளத்து ஆட்களுக்கும் சொல்லிவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்து நீ வரவேண்டாம் என்று சொல்வேன் என்று நீ எதிர்பார்த்துத்தான் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில் உன்னை அவனிடம் இருந்து துரத்திய வேலையைச் செய்தவள் நான். அவனை உன்னிடம் இருந்து துரத்துகிற வேலையை நான் செய்யமாட்டேன்.

அவன் வரவேண்டாம் என்றுதான் நீ நினைத்தால் செவ்வாய்க்கிழமைக்கு முன்னம் ஒரு விடியற்காலை கரைக்கு வா. வள்ளம் வந்து ஏறும்போது எல்லோரும் நிற்பார்கள், நானும் நிற்பேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கி, அவன் முகத்தைப் பார்த்து, உன் வாயால் சொல். அவன் கோபிக்கமாட்டான். "சரி அண்ணை" என்று சொல்லிவிட்டு உனக்கு நல்ல மீனாக இரண்டு பார்த்து எடுப்பான், நீ கொண்டுபோகமாட்டாய் என்று தெரிந்துகொண்டே. அதைப் பார்க்க உன்னால் முடிந்தால் வா.

நீ வராவிட்டால் புதன்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருவோம். படலையில் உன் மாமனாரின் ஆட்களில் ஒருவர், "உவர் ஆர்?" என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அப்போது நான் வாய் திறக்கமாட்டேன். கணேசும் உன்னைத்தான் பார்ப்பான். எல்லோருக்கும் கேட்கிறமாதிரி நீதான் பதில் சொல்லவேண்டும்.

அம்மா